முட்டைக்கோழிக்கு எந்தத் தீவனம்? மூட்டையைவிட முக்கியம், நாள் முழுக்கக் கோழி என்ன தின்கிறது என்பது

அம்பாசமுத்திரம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு உருப்படி வளர்ப்பவர் கேட்டிருப்பது இது. ஆறு கலப்பினப் பழுப்பு முட்டைக்கோழி, ஐந்து சிறுவிடை நாட்டுக்கோழி, ஒரு சேவல். காலையில் குருணை, மதியம் மிஞ்சிய சோறு, சாயங்காலம் பிசைந்த தவிடும் அதோடு இரண்டு கை லேயர் தீவனமும் (முட்டைக்கோழிக்கென்று கம்பெனியில் கலந்து வருவது). ஒரு மாதமாக முட்டை குறைந்துவிட்டது, ஓடு கையில் எடுத்தாலே நொறுங்குகிறது, ஓடில்லாத தோல்முட்டையும் விழுகிறது. கடைக்கார அண்ணாச்சி வேறு கம்பெனி மூட்டைக்கு மாறச் சொல்கிறார். எதை வாங்கலாம், குஞ்சுக்கு என்ன போடலாம்?

கம்பெனியை மாற்றி இதற்குத் தீர்வு வராது. உங்கள் கோழிகளுக்கு லேயர் தீவனம் போய்ச் சேரவே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கலப்பின முட்டைக்கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். அது முழுக்க 17 சதவீதம் புரதமும் 3.5 சதவீதம் கால்சியமும் உள்ள லேயர் தீவனமாக இருந்தால் 18.7 கிராம் புரதமும் 3.85 கிராம் கால்சியமும் கிடைக்கும். அதே கோழி முதலில் 50 கிராம் குருணையை விழுங்கிவிட்டு, மிச்சத்துக்கு 60 கிராம் லேயர் தீவனம் தின்றால் புரதம் 14 கிராமாகவும் கால்சியம் 2.1 கிராமாகவும் இறங்கிவிடும். நீங்கள் போடும் இரண்டு கையைப் பன்னிரண்டு கோழி பங்கு போட்டால் அந்த 60 கிராம்கூட வராது.

ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்றதில் பாதிக்குச் சற்று மேல்தான் உடம்பில் சேரும் என்பதால், தினம் முட்டையிடும் கோழிக்கு 4 கிராம் அளவுக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கோழி உடனே நிறுத்திவிடாது. தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அந்த இருப்பு கரையக் கரைய ஓடு மெலியும், பிறகு தோல்முட்டை, அதற்கும் பிறகு கோழி எழுந்து நிற்க முடியாமல் கால் மடங்கி உட்காரும். நீங்கள் இரண்டாம் படியில் இருக்கிறீர்கள். இன்னும் கை மீறவில்லை.

சோற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராம் சோற்றில் புரதம் இரண்டரை கிராம்தான். தீனிப்பை நிறைந்ததும் கோழி இரை தேடுவதை விட்டு நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். பார்க்க வயிறார உண்ட கோழிதான், முட்டைக்கு வேண்டிய சரக்கு உள்ளே போயிருக்காது. சோறு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தீவனம் தின்று முடித்த பிறகு, ஒரு கோழிக்கு ஒரு பிடிக்கும் குறைவாக. புளித்த சோறும் ஊசிய குழம்பு கலந்த சோறும் வேண்டவே வேண்டாம்.

இப்போது மூட்டை. எந்தக் கம்பெனி என்பதைவிட அதில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 3.5 முதல் 4, நார்ச்சத்து 8-க்குள் இருந்தால் நல்ல சரக்கு. அடுத்து, அரைத்த தேதி. அரைத்து ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடுகிற அளவில் வாங்குங்கள். ஆறு கோழிக்கு 50 கிலோ மூட்டை இரண்டரை மாதம் கிடக்கும், வைட்டமின்கள் வீரியம் இழக்கும், கொழுப்பு காறும். பக்கத்து வீட்டுக்காரரோடு பாதி பாதி பிரித்துக்கொள்வது நல்லது. தூள் தீவனத்தைவிடச் சிறு சிறு மணியாக வரும் தீவனம் வீட்டுக்கோழிக்கு வசதி. தூளில் கோழி மக்காச்சோளத் துண்டை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, புரதமும் தாதுக்களும் இருக்கும் மாவை அடியில் விட்டுவிடும். தூள்தான் கிடைக்கிறதென்றால் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறி வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

பிராய்லர் தீவனத்தை முட்டைக்கோழிக்குப் போடாதீர்கள். எரிசக்தி அதிகம், கால்சியம் ஒரு சதவீத அளவுதான். கோழி கொழுத்து, அடிவயிற்றில் கொழுப்புக் கட்டி, முட்டை நின்றுபோகும். மாட்டுத் தீவனம் அதைவிட மோசம். அதில் யூரியா சேர்ந்திருக்கலாம். மாட்டின் அசையூண் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கும். கோழிக்கு அந்த வயிறு கிடையாது, அதற்கு அது வெறும் நஞ்சு.

உங்களுடையது கலப்பு மந்தை, அதனால் வழக்கமான பதில் முழுதாகப் பொருந்தாது. கலப்பினக் கோழிக்கு ஆண்டு முழுக்கக் கால்சியம் வேண்டும். நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டு அடைக்கு உட்காரும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை அதன் இயல்பு, தீவனத்தால் அதை 200 ஆக்க முடியாது. அடையிலும் இறகு உதிர்க்கும் காலத்திலும் அதற்கு 3.5 சதவீதக் கால்சியம் தேவையில்லை, சேவலுக்கு எப்போதுமே தேவையில்லை. மிஞ்சும் கால்சியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக 16 சதவீதப் புரதமுள்ள வளர்பருவத் தீவனம் (முட்டைக்கு வராத இளங்கோழிக்கானது) போட்டு, கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைப்பதுதான் உங்களுக்குச் சரி. முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே போய்க் கொத்தும், மற்றவை தொடாது. இந்த விஷயத்தில் கோழியின் நாக்கை நம்பலாம்.

கிளிஞ்சலின் அளவிலும் நேரத்திலும்தான் சூட்சுமம். முட்டை உள்ளே ஓடு பூசிக்கொள்ள 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவு. கோழி கூட்டில் அடைந்து இரையெடுக்காத நேரத்தில் தேவை உச்சத்தில் இருக்கும். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் அதற்குள் குடலைத் தாண்டிவிடும். 2 முதல் 5 மில்லிமீட்டருக்கு உடைத்த கிளிஞ்சல் அரைவைப்பையில் தங்கி, விடிய விடிய மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். ஆகவே சாயங்காலம் நான்கு மணிக்குச் சட்டியில் புதிதாக இருக்க வேண்டும். வளர்பருவத் தீவனத்தோடு கொடுக்கும்போது கலப்பினக் கோழிக்கு நாளைக்கு 8 கிராம், முட்டையிலிருக்கும் நாட்டுக்கோழிக்கு 3 கிராம் என்று வைத்தால் உங்கள் மந்தைக்கு 60, 65 கிராம். உவரி, கூத்தங்குழி மாதிரிக் கடற்கரை ஊர்களிலிருந்து அள்ளி வருவதானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கிக் காயவைத்து உடையுங்கள். மாச்சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் வையுங்கள்.

சுட்ட சுண்ணாம்பு, வெற்றிலைச் சுண்ணாம்பு, சுவருக்கு அடிப்பது எதுவும் கூடாது. வாயையும் குடலையும் அரித்துவிடும். தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை என்று கல்லை உடைத்துப் போட நினைப்பவர்கள் உண்டு. கல்லில் டோலமைட் கலந்திருந்தால் அதிலுள்ள மெக்னீசியத்தால் கழிச்சலும் மெல்லிய ஓடும்தான் மிஞ்சும். கடையில் கோழித் தீவனத்துக்கென்று விற்கும் கல் துருவலை வாங்குங்கள். வீட்டில் சேரும் முட்டையோட்டையும் வீணாக்க வேண்டாம். சட்டியில் வறுத்து, அடையாளம் தெரியாமல் நொறுக்கிப் போடலாம். முழு ஓடாகப் போட்டால் கோழி முட்டை குடிக்கப் பழகும்.

கிளிஞ்சல் கரைந்துவிடும், எனவே தானியத்தை அரைக்க அது உதவாது. முழுக் கம்பு, சோளம் போடுகிறவர்கள் கருங்கல் பொடிச் சல்லி கொஞ்சம் தனியாக வைக்க வேண்டும். திறந்து மேயும் கோழி இதைத் தானே பொறுக்கிக்கொள்ளும். திசையன்விளைத் தேரி மணல் போல நைஸான மண்ணில் மட்டும் நாம் கொடுத்தாக வேண்டும்.

நாட்டுக்கோழிக்கு வருவோம். ஒரு சிறுவிடைக்கு நாளைக்கு மொத்தம் 70, 80 கிராம் போதும். அதில் எவ்வளவை அது தானே தேடிக்கொள்ளும் என்பது மாதத்தைப் பொறுத்தது. பிசான அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வயலில் சிந்திய நெல் கிடக்கும், எரிசக்திக்குக் குறைவில்லை. அப்போது வீட்டில் அரிசியும் குருணையும் போடுவது வீண், புண்ணாக்கு, கரையான் போன்ற புரதம்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புழு, பூச்சி, பசும்புல் ஏராளம். அப்போது நேர்மாறாக, சாயங்காலம் 30 கிராம் கம்போ மக்காச்சோள உடைசலோ போதும். சித்திரை, வைகாசியில் வெளியே ஒன்றுமே இருக்காது, கரிசல் பக்கம் இன்னும் வறட்சி. அந்த இரண்டு மாதம் நாட்டுக்கோழிக்கும் 60, 70 கிராம் முழுத் தீவனம் நாம்தான் போட வேண்டும். கோடையில் நாட்டுக்கோழி முட்டை நிறுத்துவதற்கு வெயிலோடு இந்தப் பட்டினியும் காரணம்.

போதுமா என்று அறிய, கோழி அடையும் நேரத்தில் தூக்கிக் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். உருண்டு திரண்டு கெட்டியாக இருந்தால் போதும். தட்டையாகவோ நொளநொளவென்று தண்ணீராகவோ இருந்தால் மறுநாள் முதல் பத்து கிராம் கூட்டுங்கள். நான்கைந்து கோழியைப் பார்த்தாலே மந்தையின் நிலை தெரிந்துவிடும்.

கரையான் எடுப்பது எளிது, செலவே இல்லை. பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, மக்கிய பனைமட்டைத் துண்டு, வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்துப் பிழிந்த ஈரப்பதத்தில், கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் தூக்கினால் உள்ளே கரையான் அப்பியிருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல புரதம் கிடைப்பது கடினம். கரையான் மருந்து தெளித்த இடமாக மட்டும் இருக்கக் கூடாது.

சொந்தமாகக் கலக்க விரும்பினால், அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழிக்குப் பத்து கிலோவுக்கான அளவு இது. மக்காச்சோள உடைசல் 4.5 கிலோ, கம்பு அல்லது குருணை 1 கிலோ, சோயாப் புண்ணாக்கு 1.8 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு அரை கிலோ, புதுத் தவிடு 900 கிராம், உப்பில்லாத கருவாட்டுத் தூள் 300 கிராம், கிளிஞ்சல் 800 கிராம், டைகால்சியம் பாஸ்பேட் 100 கிராம், கோழிக்கான தாது வைட்டமின் கலவை 70 கிராம், உப்பு 30 கிராம். புரதம் 17 சதவீதத்தை ஒட்டியும் கால்சியம் 3.5-ஐ ஒட்டியும் வரும். பத்துக் கோழிக்கு ஒன்பது நாள் தாங்கும். அதற்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். உப்பு, பாஸ்பேட், வைட்டமின் மூன்றையும் முதலில் அரை கிலோ தவிட்டோடு நன்றாகக் கலந்து, அதை ஒரு கிலோ சோளத்தோடு கலந்து, பிறகுதான் மொத்தத்தில் சேர்க்க வேண்டும். நேரே கொட்டிக் கிளறினால் ஒரு கோழிக்கு உப்பெல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை என்று ஆகும். உங்கள் கலப்பு மந்தைக்கென்றால் கிளிஞ்சலை மட்டும் விட்டுவிட்டுக் கலந்து, சட்டியில் தனியே வையுங்கள்.

சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு, செக்கில் கிடைக்கிறது. ஆனால் மெத்தியோனின் என்ற புரதக்கூறு குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் அது அதிகம், அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்வது. பெரிய ஆபத்து பூஞ்சணம். கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலைக் கெடுக்கும். முட்டை சிறுத்துக் குறையும், கோழி மெலியும், தடுப்பூசி போட்டும் நோய் வரும். பூத்த சரக்கை வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் சாகும், நஞ்சு சாகாது. கழுவினாலும் வறுத்தாலும் போகாது. கட்டி கட்டியாக ஒட்டிய, பச்சையோ கறுப்போ பூத்த, மக்கிய வாடை அடிக்கிற சரக்கைக் குப்பையில் கொட்டுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் இறங்கும்.

சரக்கு காய்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி மக்காச்சோளம், வெயிலில் காய்ந்த தூளுப்பு இரண்டு தேக்கரண்டி. மூடி, இரண்டு மூன்று நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், சேமிக்க லாயக்கில்லை. ஒட்டாமல் அடியில் நின்றாலும் இன்னும் இரண்டு வெயில் காயவைத்து 12 சதவீதத்துக்குக் கொண்டுவருவது நல்லது. தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும் மற்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழையிலும் மூட்டையைத் தரையில் வைக்காமல், சுவரில் சாய்க்காமல், பலகை மேல் வையுங்கள். சந்தேகமான சரக்கு அதிக அளவில் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவன ஆய்வகத்தில் நஞ்சைச் சோதிக்கலாம்.

தவிட்டுக்கு வேறு பிரச்சினை. எண்ணெய் எடுக்காத தவிடு ஒன்றிரண்டு வாரத்தில் காறிவிடும். மில்லிலிருந்து வந்த அன்றைக்கு இனிப்பு வாசம் இருக்கும், காறியது தொண்டையில் கசக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டால் உமி மிதக்கும், மணல் அடியில் தங்கும். உமி கனமாக மிதந்தால் அந்த மில்லில் வாங்காதீர்கள்.

புண்ணாக்கு என்று பெயர் இருந்தாலே தீவனமாகாது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் உள்ள காசிப்பால் என்ற நச்சுப்பொருள் மஞ்சள் கருவைப் பச்சை பாய்ந்த பழுப்பாக்கும். ஆமணக்கு, இலுப்பை, வேப்பம் புண்ணாக்கு வயலுக்கானவை, கோழி எட்டாத இடத்தில் வையுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20 சதவீதம்தான், நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் வேண்டாம். கருவாடு மலிவாகக் கிடைக்கிறதென்று உப்புக் கருவாட்டை அரைத்துப் போட்டால் கோழி தண்ணீராகக் கழியும், ஓடும் மெலியும். உப்பிடாமல் காய்ந்த நெத்திலித் தூளே சரி. அதுவும் கூடினால் முட்டையில் மீன் வாடை வரும்.

உப்பு என்றதும் தண்ணீரையும் சொல்ல வேண்டும். இராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். அதைக் குடிக்கும் கோழிக்கு எவ்வளவு கிளிஞ்சல் வைத்தாலும் ஓடு கெட்டிப்படாது. அங்கே கலவையில் உப்பை நிறுத்திவிட்டு, குடிக்க மட்டுமாவது குழாய்த் தண்ணீரோ மழைநீரோ வையுங்கள். உங்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர், இந்தக் கவலை இல்லை. கோழி தின்பதைப் போல இரு மடங்கு தண்ணீர் குடிக்கும், சித்திரை வெயிலில் அதற்கும் மேல். மண்சட்டியில், நிழலில், நாளைக்கு மூன்று முறை மாற்றுங்கள். வெயிலில் கோழி வாய் திறந்து இளைக்கும்போது ஓடு கட்டும் வேலையே தடைபடும். அப்போது தீவனத்தை விடியுமுன்னும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள், நடுப்பகலில் கலைத்துத் தின்ன வைக்காதீர்கள்.

குஞ்சு வளர்ப்பதற்கும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். எட்டு வாரம் வரை 20 சதவீதப் புரதக் குஞ்சுத் தீவனம், அதற்குமேல் முதல் முட்டை வரை வளர்பருவத் தீவனம். கலப்பினம் 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வரும், நாட்டு விடைக்கு 24 வாரத்துக்கு மேலாகும். தேதி பார்த்து மாற்றாமல் கொண்டை சிவந்து முதல் முட்டை விழுந்ததும் மாற்றுங்கள். லேயர் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் வீங்கிச் சாகும். தாயோடு திரியும் குஞ்சுக்குத் தனியே போட, பஞ்சாரத்தை இரண்டு செங்கல் உயரத்தில் நிறுத்தி உள்ளே தீவனத்தை வையுங்கள். குஞ்சு நுழையும், தாய் நுழையாது.

நாளைக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். முதல் மூன்று நாள் பழையதில் கால் பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதி, அதற்கடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாளில் முழுக்கப் புதியது. கிளிஞ்சல் சட்டியை மட்டும் இன்று சாயங்காலமே வையுங்கள். ஓடு கெட்டிப்படுவது முதல் வாரத்திலேயே தெரியும், முட்டை எண்ணிக்கை ஏற மூன்று வாரம் ஆகலாம். நம் ஊரில் பகல் பதினொன்றரை முதல் பன்னிரண்டரை மணி நேரம்தான். கலப்பினக் கோழிக்கு 15, 16 மணி வெளிச்சம் வேண்டும், அதனால் விடியுமுன் ஒரு பல்பைப் போட்டுவிட்டால் அந்த ஏற்றம் சீக்கிரம் வரும். மூன்று வாரம் கழித்தும் ஓடு மெலிந்தே இருந்தால், அல்லது முட்டை சுருக்கம் விழுந்து, வெள்ளைக் கரு தண்ணீராக ஓடினால், அது தீவனக் கோளாறாக இல்லாமல் நோயாக இருக்கலாம். இரண்டு முட்டையோடும் ஒரு கோழியோடும் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் காட்டுங்கள்.